‘குழந்தைக்கு ஒன்றும் தெரியாது’: குடும்ப வன்முறைக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு எப்படி உதவுவது?

ஏழு வயதுப் பெண் ஒருத்தி. சாயங்காலம் வாசற்கதவில் சாவி போடும் சத்தம் கேட்கிறது. ஒரே தடவையில் சாவி உள்ளே போய்விட்டால் இன்றைக்குப் பிரச்சினை இல்லை. இரண்டு மூன்று முறை உரசி, தடுமாறி, அப்புறம் போனால் டிவி சத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். கூடத்தில் இறைந்து கிடக்கும் தம்பியின் பொம்மைகளை அள்ளிவிட வேண்டும். அவனையும் இழுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய், தூங்குவதுபோலப் படுத்துவிட வேண்டும். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுடைய அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். “அவளுக்கு ஒன்றும் தெரியாது, அந்த நேரத்தில் தூங்கிப்போயிருப்பாள்” என்பார்.

இவள் விளக்கத்துக்காக நான் உருவாக்கிய பிள்ளை. ஆனால் இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் முதலில் எதிர்ப்படுவது அந்த அம்மாவின் பதில்தான். அவர் பொய் சொல்லவில்லை. அப்படி நம்பினால்தான் அவரால் அடுத்த நாளை ஓட்ட முடியும்.

சண்டை வேறு, இது வேறு

“சண்டை இல்லாத வீடு எங்கே இருக்கிறது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கணவன் மனைவிக்குள் குரல் உயரும், இரண்டு நாள் பேசாமல் இருப்பார்கள், பிறகு சரியாகிவிடும். அதற்குப் பெயர் வன்முறை இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: இந்த வீட்டில் ஒருவர் இன்னொருவரைக் கண்டு பயப்படுகிறாரா? வாயைத் திறப்பதற்கு முன்னால், செலவு செய்வதற்கு முன்னால், தன் அக்காவுக்கு போன் போடுவதற்கு முன்னால் ஒருவர் மட்டும் இன்னொருவரின் முகத்தைப் பார்த்து எடைபோட்டுக்கொண்டே இருக்கிறார் என்றால், அங்கே நடப்பது சண்டை இல்லை, ஆட்சி.

அடி அந்த ஆட்சியின் ஒரு கருவி மட்டுமே. காசைக் கையில் தராமல் வைத்திருப்பது, போனை வாங்கிப் பார்ப்பது, பிறந்த வீட்டோடும் தோழிகளோடும் உறவை அறுத்துவிடுவது, பிள்ளைகள் முன்னால் கேவலப்படுத்துவது, “நீ போனால் பிள்ளைகளைப் பார்க்கவே முடியாது” என்று மிரட்டுவது எல்லாமே கருவிகள்தான். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள டுலூத் நகரில், 1980-களின் தொடக்கத்தில், அடிபட்ட பெண்களிடமே கேட்டுக் கேட்டு இதை ஒரு சக்கரமாக வரைந்தார்கள். சக்கரத்தின் அச்சில் ‘அதிகாரமும் கட்டுப்பாடும்’ என்று இருக்கும். சுற்றுவட்டத்தில் உடல் வன்முறையும் பாலியல் வன்முறையும். நடுவில் எட்டு ஆரக்கால்கள். அவற்றில் ஒன்றின் பெயர், ‘பிள்ளைகளைப் பயன்படுத்துதல்’. ஆக, பிள்ளைகள் இந்தக் கதையில் ஓரமாக நிற்பவர்கள் அல்ல என்பது அந்தப் படத்திலேயே இருக்கிறது.

இது எவ்வளவு பரவலானது? உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயதுக்குள், துணையோடு வாழ்ந்த அனுபவமுள்ள பெண்களில் 27 சதவீதம் பேர் துணைவரிடமிருந்து ஒருமுறையாவது உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ சந்தித்திருக்கிறார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவர். ஆண்களும் அடிபடுகிறார்கள், வயதான பெற்றோரும் அடிபடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் அடிபடுபவரை ‘அம்மா’ என்றே எழுதப்போகிறேன். பெரும்பாலான வீடுகளில் நிலைமை அதுதான். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் அது அப்பாவாக இருந்தால், சொல்லை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

‘சாட்சி’ என்ற சொல் போதாது

பிள்ளைகளை ‘வன்முறையைப் பார்த்தவர்கள்’ என்று சொல்வது வழக்கம். சாட்சி என்பவர் தெருவில் நடந்த விபத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இந்தப் பிள்ளைக்கு வீடே அதுதான். கண்ணால் பார்க்கவே இல்லை என்றாலும், சுவருக்கு அந்தப் பக்கம் விழும் பாத்திரச் சத்தமும், அதற்கப்புறம் வரும் அமைதியும், காலையில் அம்மா முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு நிற்பதும் போதும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-ல் கொண்டுவந்த குடும்ப வன்முறைச் சட்டம் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது: வன்முறையைப் பார்க்கிற, கேட்கிற, அதன் பாதிப்பை அனுபவிக்கிற பிள்ளையும், அடிபடுபவருக்கோ அடிப்பவருக்கோ உறவு என்றால், பாதிக்கப்பட்டவரே.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு ஆய்வு. 2011-ல் லண்டனில், வீட்டில் வன்முறைக்கு நடுவே வளர்ந்த 20 பிள்ளைகளையும் அப்படி இல்லாத 23 பிள்ளைகளையும் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, முகப் படங்களைக் காட்டினார்கள். கோபமான முகம் வந்தபோது முதல் குழுவினரின் மூளையில், ஆபத்தை மோப்பம் பிடிக்கும் இரண்டு பகுதிகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக வேலை செய்தன. போர்க்களத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களிடம் முன்பு பார்த்த அதே மாதிரி. இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு மனநோய் எதுவும் இல்லை. வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தார்கள்.

இதை வைத்து வகுப்பறையைப் பாருங்கள். “கவனமே இல்லை” என்று திட்டு வாங்கும் பையனுக்குக் கவனம் நிறையவே இருக்கிறது. அது கரும்பலகையில் இல்லை, வாத்தியாரின் குரலில் இருக்கிறது. வராண்டாவில் யாரோ கதவை அறைந்தால் முதலில் திரும்புகிறவன் அவன்தான்.

வயதுக்கு வயது வெளிப்படும் விதம் மாறும். கைக்குழந்தைக்கு ஒன்றும் புரியாது என்று நினைப்போம். அது சரியாகத் தூங்காது, பால் குடிக்காது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடும். மூன்று நான்கு வயதில், நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வரும், பேச்சு மழலைக்குத் திரும்பும். அந்த வயதின் தர்க்கம் கொடுமையானது: ‘நான் சாப்பாட்டைக் கொட்டினேன், அதனால்தான் அப்பா அம்மாவை அடித்தார்.’ பள்ளி வயதில் வயிற்றுவலி, தலைவலி என்று வரும். டாக்டர் பார்த்தால் ஒன்றும் இருக்காது. பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளை, பல நேரம் பள்ளிக்குப் பயந்து அப்படிச் செய்வதில்லை. தான் வீட்டில் இருந்தால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்று காவல் இருக்கிறது. பதின்வயதில் ஒன்று, நடுவில் பாய்ந்து தடுப்பார்கள். இல்லையென்றால் வீட்டுக்கே வராமல் திரிவார்கள்.

எல்லோரும் தவறவிடுவது இன்னொரு வகை. அடக்கமான பிள்ளை, நன்றாகப் படிக்கும், தம்பி தங்கையைத் தாய்போலப் பார்த்துக்கொள்ளும், ஒரு குறையும் சொல்ல முடியாது. “எவ்வளவு பொறுப்பு பாருங்கள்!” என்று நாம் பாராட்டுவோம். அந்தப் பொறுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டோம்.

தலையெழுத்து அல்ல

இந்த இடத்தில் பலர் பயந்துபோகிறார்கள். அதற்கு ஒரு காரணம், 1998-ல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு. அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் தலைமை தாங்கி நடத்தியது. மொத்தத்தில் 17,000-க்கும் அதிகமான பெரியவர்களிடம் சிறுவயதுத் துன்பங்களைப் பற்றிக் கேட்டார்கள். ‘உங்கள் அம்மா வன்முறைக்கு ஆளானாரா?’ என்பதும் அதில் ஒரு அம்சம். துன்பங்களின் எண்ணிக்கை கூடக்கூட, பிற்காலத்தில் மனச்சோர்வு, குடி, இதயநோய் போன்றவற்றின் ஆபத்தும் படிப்படியாகக் கூடியது. உண்மைதான். ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. ஒரு தனிப் பிள்ளையின் ‘மதிப்பெண்ணை’, அதாவது அது சந்தித்த துன்பங்களின் எண்ணிக்கையை, வைத்து அதன் எதிர்காலத்தைச் சொல்லக்கூடாது என்று அதே ஆண்டா 2020-ல் எச்சரித்து எழுதினார். அந்த எச்சரிக்கை ஆய்வு அளவுக்குப் பரவவில்லை.

எனக்கு அதைவிட உபயோகமாகப் படுவது ஹவாயின் கவாய் தீவில் நடந்த ஆய்வு. 1955-ல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடி, குடும்பச் சச்சரவு என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அக்கறையும் திறமையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் என்ன இருந்தது? பெற்றோராக இல்லாவிட்டாலும், விடாமல் அக்கறை காட்டிய ஒரு பெரியவராவது இருந்தார். பாட்டி, டீச்சர், பக்கத்து வீட்டு அத்தை, யாரோ ஒருவர். உதவி என்ற சொல்லின் பாதி அர்த்தம் அந்த ‘விடாமல்’ என்பதில் இருக்கிறது.

அம்மாவுக்கு உதவாமல் பிள்ளைக்கு உதவ முடியாது

பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்றதும், பிள்ளையை அங்கிருந்து பிரித்தெடுத்துவிடலாம் என்று தோன்றும். அவசரமான சில வேளைகளில் அதுவும் தேவைப்படலாம். ஆனால் பெரும்பாலும் பிள்ளையின் பாதுகாப்பும் அடிபடும் அம்மாவின் பாதுகாப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அம்மா நிலைகொண்டால் பிள்ளை நிலைகொள்ளும். அதனால் “ஏன் இன்னும் அவனோடு இருக்கிறாய்?” என்ற கேள்வியை விழுங்கிவிடுங்கள். அது கேள்வி மாதிரி இருக்கும் குற்றச்சாட்டு.

அவர் கிளம்பாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. காசு இல்லை, போக்கிடம் இல்லை, பிள்ளைகளைப் பறித்துக்கொள்வார்களோ என்ற பயம். அதோடு, விட்டுக் கிளம்பும் நேரம்தான் மிகவும் ஆபத்தான நேரம். ஆட்சி கைவிட்டுப் போகிறது என்று அடிப்பவருக்குத் தெரிந்துவிடும் கணம் அது. ஆகவே “இப்பவே பையை எடுத்துக்கொண்டு வா” என்று வீரமாகச் சொல்லிவிட முடியாது. திட்டம் வேண்டும், அனுபவமுள்ள அமைப்பு ஒன்றின் துணையும் வேண்டும்.

ஒரு அறிகுறியை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். கழுத்தை நெரித்தது. ஒரே ஒருமுறை நடந்திருந்தாலும் அதை ‘அடித்தார்’ என்ற பட்டியலில் சேர்க்காதீர்கள். துணைவரால் முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் அதிகம் என்று 2008-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு கண்டது. வெளியே தடம் தெரியாமலே உள்ளே வீக்கம் இருக்கலாம், மணிக்கணக்கு கழித்துக்கூட மூச்சு அடைக்கலாம். டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். ஆயுதம் காட்டியது, கொன்றுவிடுவேன் என்றது, கர்ப்பகாலத்தில் அடித்தது, சமீபமாக அடி கூடிக்கொண்டே போவது போன்றவையும் உடனடியாகப் போலீஸையோ உதவி எண்ணையோ நாட வேண்டிய அறிகுறிகள்.

மற்றபடி, உலக சுகாதார நிறுவனம் மருத்துவப் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசை நமக்கும் பொருந்தும்: முதலில் காதுகொடுத்துக் கேள், என்ன தேவை என்று விசாரி, நம்புகிறேன் என்று சொல், பாதுகாப்பைக் கூட்டு, உதவியோடு இணைத்துவிடு. ‘அறிவுரை சொல்’ என்பது அந்த வரிசையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். இருவரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசுவதும் இல்லை. பயப்படுகிறவரை, பயமுறுத்துகிறவரின் முன்னால் உண்மை பேசச் சொல்வது அது. அன்று ராத்திரி அதற்கான விலையை அவர் தனியாகக் கொடுப்பார். அவருடைய போனுக்கு ‘நேத்து சொன்னியே, என்ன ஆச்சு?’ என்று மெசேஜ் அனுப்புவதும் அப்படித்தான். அந்த போனை வேறு யார் பார்க்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

பிள்ளை வாய் திறந்தால்

பிள்ளைகள் நாம் தயாராக உட்கார்ந்திருக்கும்போது சொல்வதில்லை. வரைந்துகொண்டிருக்கும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, நம் முகம் தெரியாத நேரமாகப் பார்த்துச் சொல்வார்கள். “எங்க அப்பா நேத்து டம்ளரை எறிஞ்சாங்க.” அவ்வளவுதான். பிறகு மறுபடி வரைய ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த நேரத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். உங்கள் முகம் மாறினால், நாம் தப்பாக எதையோ சொல்லிவிட்டோம் என்று பிள்ளை கதவைச் சாத்திவிடும். “ஓ, அப்படியா. அப்புறம் என்ன ஆச்சு?” என்பது போதும். “அப்பா அம்மாவை அடிச்சாரா? எங்கே அடிச்சார்?” என்று வாயில் வார்த்தையைத் திணிக்க வேண்டாம். பிள்ளையே பதில் சொல்லும்படி திறந்த கேள்வி ஒன்றோ இரண்டோ கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். விசாரணை நம் வேலை இல்லை. பிறகு, பிள்ளை சொன்ன அதே சொற்களில் தேதியோடு எழுதிவையுங்கள்.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?” என்று கேட்டால் சத்தியம் செய்யாதீர்கள். “உன்னையும் அம்மாவையும் பத்திரமா வைக்க யாருக்குத் தெரியணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்” என்று சொல்லலாம். பல நாடுகளில் ஆசிரியர், டாக்டர் போன்றோர் இதை உரிய இடத்தில் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம்.

அப்புறம் மூன்று வாக்கியங்கள். சொன்னது நல்லது. இது உன்னால் நடக்கவில்லை. இதைச் சரிசெய்வது உன் வேலை இல்லை, பெரியவர்களின் வேலை. முதல் தடவை பிள்ளை நம்பாது. வேறு வேறு நாளில், வேறு வேறு சொல்லில், பத்து இருபது தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து போடும் திட்டம்

மறுபடியும் அந்த ஏழு வயதுப் பெண்ணிடம் வருவோம். அவள் ஏற்கெனவே ஒரு திட்டம் வைத்திருக்கிறாள் இல்லையா, அதைக் கொஞ்சம் திருத்திக் கொடுப்பதுதான் பாதுகாப்புத் திட்டம். ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தை அவளையே வரையச் சொல்லலாம். எந்த அறைக்குப் போகலாம்? சமையலறை வேண்டாம், அங்கே கத்தி இருக்கும். குளியலறை வேண்டாம், வெளியேற வேறு வழி இல்லை. பக்கத்து வீட்டு அத்தை வீட்டுக்கு எந்த வாசல் வழியாகப் போவது? அவசர எண் எது, பூட்டியிருக்கும் போனிலிருந்து அதை அழைப்பது எப்படி? முழுப் பெயரும் முகவரியும் திக்காமல் சொல்ல வருகிறதா? அம்மா ஒரு குறிச்சொல் சொன்னால், கேள்வி கேட்காமல் கிளம்ப வேண்டும். விளையாட்டுபோல நாலைந்து தடவை நடத்திப் பார்க்கலாம். முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

முக்கியமான விதி ஒன்று: நடுவில் பாயக் கூடாது. இதைப் பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். “அப்ப அம்மாவை யாரு காப்பாத்துவா?” என்பார்கள். “நீ வெளியே போய் போன் பண்ணினா, அதுதான் காப்பாத்துறது” என்று அம்மாவே சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் எடுபடாது. தம்பியைக் கையில் ஒப்படைத்து “நீதான் பார்த்துக்கணும்” என்பதும் வேண்டாம். முடிந்தால் கூட்டிக்கொண்டு போ, முடியாவிட்டால் நீ மட்டும் போ. ஏற்கெனவே அவள் தோளில் இருப்பது போதும்.

வீட்டை விட்டுக் கிளம்பும் நாள் முடிவாகியிருந்தால் அதைச் சின்னப் பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்லக்கூடாது. ரகசியத்தைச் சுமக்கும் வயது இல்லை. எடுத்துக்கொண்டு போக வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், கொஞ்சம் பணம், அப்புறம் அவள் இல்லாமல் தூங்காத அந்தப் பழைய பொம்மை. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் இல்லை. பிள்ளையின் டேப்லெட்டையும் விளையாட்டுச் செயலிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், இருக்கும் இடத்தை அவை காட்டிக்கொடுக்கும்.

பள்ளி செய்யக்கூடியது

2011-ல் இங்கிலாந்தின் பிளிமத் பகுதியில் ஒரு தலைமையாசிரியையும் காவல்துறையில் இருந்த அவருடைய கணவரும் எளிமையான ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார்கள். பெயர் ஆபரேஷன் என்கம்பஸ். ராத்திரி ஒரு வீட்டுக்குக் குடும்ப வன்முறைக்காகப் போலீஸ் போனால், மறுநாள் பள்ளி மணி அடிப்பதற்குள் பிள்ளையின் பள்ளியில் பொறுப்பான ஒருவருக்குத் தகவல் போய்விடும். அவ்வளவுதான். அதன் பலனை யோசித்துப் பாருங்கள். வீட்டுப்பாடம் எழுதாமல், தலைகூடச் சீவாமல் வந்து நிற்கும் பையனை அன்றைக்கு யாரும் வாசலில் நிறுத்திவைக்க மாட்டார்கள். யாரும் எதையும் கேட்கவும் மாட்டார்கள். “வா, முதல்ல இந்த நோட்டையெல்லாம் அடுக்க எனக்கு உதவி பண்ணு” என்று ஒரு டீச்சர் கூப்பிடுவார்.

ஏற்பாடு இல்லாத ஊரிலும் ஒரு டீச்சரால் இதில் பாதியைச் செய்ய முடியும். தினமும் ஒரே மாதிரி நடப்பது, சொன்னதைச் செய்வது, குரலை உயர்த்தாமல் கண்டிப்பது. வீட்டில் எது எப்போது வெடிக்கும் என்று தெரியாத பிள்ளைக்கு, திங்கள்கிழமை மூன்றாவது பீரியட் கணக்கு என்பதே ஒரு பிடிமானம்.

ஆபத்து விலகிய பிறகு, பயிற்சி பெற்றவர்கள் தரும் சிகிச்சையும் இருக்கிறது. ஐந்தாறு வயதுக்குள் உள்ளவர்களுக்கு அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்தே உட்காரவைத்து, விளையாட்டின் வழியாகச் செய்வார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, நடந்ததைப் பாதுகாப்பான இடத்தில், படிப்படியாக, சொந்த வார்த்தையில் சொல்லப் பழக்குவார்கள்.

பத்திரமான பிறகு வரும் புயல்

புது இடத்துக்கு வந்தாயிற்று. அடி இல்லை, சத்தம் இல்லை. இனிமேல் பிள்ளை நன்றாகிவிடும் என்று அம்மா நினைப்பார். அப்போதுதான் அவள் பொருட்களை எறிவாள், அம்மாவைத் திட்டுவாள், சில நேரம் அப்பா பேசிய அதே வார்த்தைகளில். தம்பி படுக்கையை நனைக்க ஆரம்பிப்பான். “எல்லாம் வீணாப்போச்சு” என்று தோன்றும். பெரும்பாலும் அது நேர்மாறு. இத்தனை நாள் அடக்கிவைத்தவளுக்கு இப்போதுதான் கோபப்படத் துணிச்சல் வந்திருக்கிறது, அம்மா தாங்குவார் என்ற நம்பிக்கையும். “கோபப்படலாம், அடிக்கக் கூடாது” என்ற ஒரே விதியைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும்.

இதைவிடக் கஷ்டமான ஒன்றும் வரும். தூங்கப்போகும் நேரத்தில், இருட்டில், “அப்பா எப்போ வருவாங்க?” என்ற கேள்வி. பிள்ளைகள் அப்பாவுக்குப் பயப்படுவார்கள், அதே அப்பாவை நேசிக்கவும் செய்வார்கள். இரண்டும் உண்மை. “அந்த ஆளைப் பத்திப் பேசாதே” என்றால், பாசத்தை ஒளித்துவைக்கக் கற்றுக்கொள்வாள். “சீக்கிரம் வந்துடுவாங்க” என்பது பொய். “உனக்கு அப்பா ஞாபகம் வந்திருச்சா? வரத்தான் செய்யும். அப்பா நம்மளை அடிச்சது தப்பு. அதனால இப்ப நாம தனியா இருக்கோம். உனக்கு அப்பாவைப் பிடிச்சிருந்தா, அதுல தப்பே இல்ல” என்று ஒரு அம்மாவால் சொல்ல முடிந்தால், அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நமக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை. மறுநாள் அவள் அப்பாவின் படம் ஒன்றை வரைந்து கொண்டுவந்து எங்கே ஒட்டட்டும் என்று கேட்கலாம். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் இடம் காட்டுங்கள்.